மோட்டார் சைக்கிளுக்குப் புதிய பிறேக்: எதைப் பார்த்து வாங்குவது?

மாத்தளை மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்திடம் வாகனம் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளாகவே இருக்கும். பிள்ளை பாடசாலைக்குப் போவதும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும், மிளகாய் மூடை தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போவதும் அதிலேதான். சொந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். மொரகஹகந்தை நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்ந்தவர்களாயினும், போரினாலும் மண்சரிவினாலும் வந்தவர்களாயினும், புதிய குடியிருப்பிலிருந்து வயலும் சந்தையும் முன்பைவிடத் தூரமாகிவிடுவதுண்டு. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்திலேயே பொதுவாகத் திறக்கப்பட்டதால், பழைய சைக்கிள்களையே நம்மிற் பலர் ஓட்டி வருகிறோம். எனவே அதன் பிறேக்கைப் பற்றிச் சற்று ஆறுதலாகச் சிந்திப்போம்.

பிறேக் என்ன செய்கிறது?

ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவதே பிறேக்கின் வேலை. ஒரு கணக்கைப் பாருங்கள். சைக்கிள் 110 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, பின்னால் ஒரு மூடை 70 கிலோ என்றால் மொத்தம் 250 கிலோ. இந்தப் பாரம் றிவஸ்டன் பக்கத்திலிருந்து ரத்தோட்டையை நோக்கி 500 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் பிறேக்கே தாங்கினால், நான்கு லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் அதில் உண்டாகும். இவ்வளவு சூட்டையும் உள்ளங்கையிலும் சிறிய இரண்டு துண்டுகள் தாங்க வேண்டும். தரங்குறைந்த துண்டு சமதரையில் நன்றாகப் பிடித்தாலும், இறக்கத்தில் சூடேறியவுடன் பிடியை இழந்துவிடும். அதனால்தான் கடைவாசலில் ஓட்டிப் பார்த்து ஒரு பிறேக்கின் தரத்தை அறிய முடியாது.

எப்போது மாற்ற வேண்டும்?

நமது சைக்கிள்களில் இரண்டு வகை பிறேக் உண்டு. டிரம் பிறேக்கில், சில்லின் நடுவிலுள்ள கிண்ணத்துக்குள் இரண்டு 'சூ' விரிந்து அழுத்தும். டிஸ்க் பிறேக்கில், சுழலும் தட்டை இரண்டு 'பாட்' இருபுறமும் கவ்விப் பிடிக்கும்.

டிரம்மில் பிறேக் நெம்புகோலின் அருகே பல சைக்கிள்களில் ஒரு சிறு அம்புக்குறி இருக்கும். பிறேக்கை முழுவதும் அழுத்தும்போது அந்த அம்பு எல்லைக் கோட்டைத் தொட்டால் சூ தேய்ந்துவிட்டது. நட்டை இறுக்கி இறுக்கிச் சமாளிக்கும் காலம் அத்துடன் முடிந்தது. டிஸ்க்கில் பாட்டின் முகத்திலுள்ள கோடு மறைந்துவிட்டாலோ, உராயும் பகுதி ஒரு மில்லிமீற்றரை நெருங்கிவிட்டாலோ மாற்றிவிடுங்கள். இரும்பு இரும்பில் உராயும் சத்தம் கேட்டால் ஏற்கெனவே பிந்திவிட்டோம். பாட்டின் காசை மிச்சம் பிடிக்கப்போய், அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள டிஸ்க்கையும் வாங்க நேரிடும்.

எதை வாங்குவது?

பாட்களில் முக்கியமாக மூன்று வகை உண்டு. நாரும் பிசினும் கலந்து செய்தவை சத்தமின்றிப் பிடிக்கும், டிஸ்க்கையும் அதிகம் தேய்க்காது. ஆனால் கடும் சூட்டில் பிடி குறையும். அதே கலவையில் உலோக இழை சேர்த்தவை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். உலோகத்தூளைச் சூளையில் இறுக்கிச் செய்தவை மழையிலும் சூட்டிலும் உறுதியாகப் பிடிக்கும். எனினும் அதற்கென அமையாத டிஸ்க்கை அவை விரைவில் அரித்துவிடும். ஆகவே விலை கூடியது எல்லாம் நமக்கு ஏற்றது என்பதில்லை. உங்கள் சைக்கிளுக்குத் தயாரிப்பாளர் எந்த வகையைக் குறித்திருக்கிறாரோ அதையே வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது சைக்கிளின் மாதிரி, ஆண்டு ஆகியவற்றை எழுதிக்கொண்டு, கழற்றிய பழைய துண்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். வடிவமும் துளைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில பாட்களின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் உள்ள பிடியையும், இரண்டாவது சூடான நிலையில் உள்ள பிடியையும் காட்டும். 'ஈ'யை விட 'எஃப்', அதைவிட 'ஜீ', அதைவிட 'எச்' கூடிய பிடி. முதல் எழுத்தைவிட இரண்டாவது தாழ்ந்திருந்தால் அது இறக்கத்தில் தளரும் பாட் என்று விளங்கிக்கொள்ளலாம். பெயரும் இலக்கமும் இல்லாத பெட்டி, மங்கிய அச்சு, ஓரம் உதிரும் துண்டு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பழைய சூவுக்குப் புதிய லைனிங் ஒட்டுவது மலிவுதான். ஆனால் ஒட்டு விட்டுப்போனால் லைனிங் டிரம்முக்குள் சிக்கி, ஓடும்போதே சில்லு இறுகிவிடலாம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. சூவையும் பாட்டையும் சோடியாகவே மாற்றுங்கள். ஒன்று பழையதும் ஒன்று புதியதும் ஆகாது.

2. எண்ணெயோ கிறீஸோ உராயும் பகுதியில் படக்கூடாது. எண்ணெய் ஊறிய பாட்டைத் துடைத்து மீண்டும் போடுவதில் பயனில்லை.

3. தூசியை வாயால் ஊதாதீர்கள். சில லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

4. பிறேக் எண்ணெய்த் தாங்கியின் மூடியில் 'டொட் 3' அல்லது 'டொட் 4' என்று இருக்கும். அதையே ஊற்றுங்கள். என்ஜின் எண்ணெய் ஒருபோதும் வேண்டாம். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஈரம் சேர்ந்த எண்ணெய் இறக்கத்தில் கொதித்தால் பிடி முற்றாக இல்லாமற் போகும்.

5. புதிய பாட் போட்டபின், புறப்படுமுன் கைப்பிடியை இறுகும்வரை பல தடவை அழுத்துங்கள். இதை மறந்தால் முதல் வளைவிலேயே பிறேக் இராது.

6. முதல் சில நாட்கள் பாரமின்றி, மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள். புதிய பாட்டுடன் அன்றே மூடை ஏற்றி மலை இறங்க வேண்டாம்.

ஓட்டும் முறையும் முக்கியம்

நல்ல பாட்டும் தவறான ஓட்டத்தில் கெடும். இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டுப் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்போது முழுப் பாரமும் பிறேக்கின்மீதே விழுகிறது. கியரைக் குறைத்து இறங்குங்கள். முன் பிறேக் பிடித்தால் கவிழும் என்று பின் பிறேக்கை மட்டும் மிதிப்பதும் சரியல்ல. நிற்கும் வலுவில் பெரும்பங்கு முன் சில்லுக்கே உரியது. இரண்டையும் சேர்த்து, மணலிலும் ஈரத்திலும் மெதுவாகப் பிடியுங்கள். ஓடை கடந்து வந்தால், சிறிது தூரம் பிறேக்கை இலேசாகப் பிடித்தபடி ஓட்டி உலரவிடுங்கள்.

அறுவடைக் காசு கைக்கு வரும்போது எத்தனையோ செலவுகள் காத்திருக்கும். மாதமொருமுறை பிறேக்கைப் பார்ப்பதற்குச் செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். வீட்டில் சைக்கிள் ஓட்டும் மகனுக்கும் மகளுக்கும் அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று இன்றே காட்டிக்கொடுங்கள். அயலவர் சைக்கிளில் இரும்புச் சத்தம் கேட்டால் அவருக்கும் சொல்லுங்கள்.