வழுக்காத விரல், நேரான தையல்

துண்டுத்துணி ஒட்டிய மேல்விரிப்பு, நடுவே பஞ்சு, அடியில் இன்னொரு துணி: இந்த மூன்றடுக்கை வளைகோடுகளாகத் தைக்கும்போது மெசினின் பற்களைக் கீழிறக்கிவிடுவார்கள், துணியை நகர்த்துவது கைகள்தான். விரல் வழுக்கினால் அழுத்துகிறோம். அழுத்தினால் மணிக்கட்டு நோகும், தையலும் சிறிதும் பெரிதுமாக விழும். ஆகவே தேவை பலமல்ல, பிடிமானம். பழைய இறப்பர் கையுறையின் விரல்நுனிகளை வெட்டி மாட்டினாலே அது கிடைக்கும். 1876இல் ஹெனரத்கொடையில் இறப்பர் கன்று நட்ட இலங்கையில், இதற்கென விலைகூடிய இறக்குமதிக் கையுறை எதற்கு?

கொலன்னாவை போன்ற ஊர்களின் வெக்கையில் கை வியர்க்குமே என்று கேட்கலாம். முழுக் கையுறைக்கு அது உண்மை. நுனியை மட்டும் மூடினால் உள்ளங்கைக்குக் காற்றுப்படும். இறப்பர் ஒவ்வாதவர்கள் பருத்திக் கையுறையின் விரல்நுனிகளில் சிலிக்கன் பசையைப் புள்ளிபுள்ளியாக இட்டு, நன்றாகக் காய்ந்தபின் அணியலாம். கைச்செலவும் மிச்சம், கைவலியும் குறைவு.