ஹலாப்பே: நகரும் மலையடியில் ஒரு கூடாரம்

ஹவாயின் பெரிய தீவில், கிலாவியா எரிமலையின் தென்கரையில் ஹலாப்பே என்றொரு சிறிய கடற்கரை இருக்கிறது. அங்கே வண்டி போகாது. ஹிலினா பாலி என்ற நெடிய சரிவின் உச்சியில் காரை நிறுத்திவிட்டு, எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை மீது ஏறத்தாழ 13 கிலோமீட்டர் இறங்கி நடக்க வேண்டும். வழியில் நிழல் இல்லை. சென்றடையும் இடத்தில் ஊற்றோ குழாயோ இல்லை. கொட்டகைக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருப்பார்கள். அதையும் சுத்திகரித்துத்தான் குடிக்க வேண்டும். தேசியப் பூங்காவின் அனுமதியில்லாமல் இரவு தங்க முடியாது. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள். பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டு மணல், சில தென்னைகள், முட்டையிட வரும் அழுங்காமைகள், மின்விளக்கே இல்லாத வானம் என்று அவர்களை இழுக்க அங்கே நிறைய இருக்கிறது.

கூடாரத்தின் முதுகுப்பக்கம் புவு கபுகபு என்ற செங்குத்துப் பாறை 300 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. இந்த இடத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பாறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மழையும் அலையும் மட்டும் அரித்து உண்டாக்கிய சுவர் அல்ல அது. மலையின் ஒரு பகுதி பிளந்து கீழே இறங்கியதால் உண்டானது.

கிலாவியாவின் தென்சரிவு முழுவதுமே கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜி.பி.எஸ். கருவிகள் இதை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று அளந்து காட்டுகின்றன. எரிமலை உட்கார்ந்திருப்பது பழைய கடல்தரை மீது. இரண்டுக்கும் நடுவே நெடுங்காலமாகப் படிந்த வண்டல் இருக்கிறது; ஈரக் களிமண் மேல் வைத்த பாரம்போல மலை அதன் மீது வழுக்குகிறது. எரிமலைக்குள் புகும் பாறைக்குழம்பு பின்னாலிருந்து தள்ள, மலையின் சொந்த எடையும் கீழே இழுக்கிறது. எப்போதும் சீராக நகர்ந்தால் தொல்லையில்லை. சில இடங்களில் உராய்வு பிடித்துக்கொள்கிறது. பிடி விடும்போது, பல ஆண்டுகளாகத் தேங்கிய நகர்வு சில நொடிகளில் நடந்து முடிகிறது.

1975 நவம்பர் 29 அன்று அதுதான் நடந்தது. ஹலாப்பேயில் சாரணர்களும் மீன்பிடிக்க வந்தவர்களுமாக 32 பேர் தங்கியிருந்தார்கள். அதிகாலை 3.36க்கு முதல் நிலநடுக்கம். பாறையிலிருந்து கற்கள் உருண்டன. சிலர் பயந்து கடலோரமாக இடம் மாறிப் படுத்தார்கள். மற்றவர்கள் திரும்பத் தூங்கினார்கள். 4.48க்கு 7.7 அளவிலான பெரிய நடுக்கம் வந்தது. எழுந்து நிற்கவே முடியாத குலுக்கல். பாறாங்கற்கள் விழ, பலர் கடலை நோக்கி ஓடினார்கள். கடலோ அவர்களை நோக்கி ஏறி வந்தது. திரும்பி ஓடியவர்களை, முதல் அலையைவிடப் பெரிதான இரண்டாம் அலை அள்ளிக்கொண்டுபோய் உள்ளே இருந்த ஒரு பெரும் பிளவுக்குள் தள்ளியது. இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள்.

தண்ணீர் அத்தனை விரைவாக வந்ததற்குக் காரணம், கரையே இறங்கிவிட்டது. ஹலாப்பே நிலம் சுமார் மூன்றரை மீட்டர் தாழ்ந்தது. கரைக்கு அப்பால் கடல்தரை மேலே உந்தித் தண்ணீரைத் தள்ளியது. தென்னந்தோப்பு கடலுக்குள் போய், பட்ட மரங்கள் நீரில் நின்றன. இப்போது கூடாரம் அடிக்கும் மணல், அதற்குப் பிறகு கடல் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்தது.

தொலைவிலிருந்து வரும் ஆழிப்பேரலை வேறு வகை. 1946இல் அலூசியன் தீவுகளில் எழுந்த அலை ஹவாயை எட்ட ஐந்து மணி நேரம் ஆயிற்று. அங்கே 159 பேரைப் பலிகொண்ட அந்த அழிவுக்குப் பிறகுதான் 1949இல் எச்சரிக்கை மையம் பிறந்தது. 2004இல் சுமத்ராவிலிருந்து தமிழகக் கரைக்கு வர அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. ஐதராபாத் மையம் 2007இல்தான் வந்தது. அந்த இரண்டு மணி நேரம் வீணானதை இன்றும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

ஆனால் ஹலாப்பே போன்ற இடத்தில் எந்த மையமும் முந்திச் சொல்ல இயலாது. அங்கே நிலநடுக்கமேதான் எச்சரிக்கை. 2018 மே 4 அன்று அதே தென்சரிவு 6.9 அளவில் குலுங்கியது. அன்று எழுந்தவை சிறிய அலைகளே. சரிவின் நகர்வு நிற்கவில்லை.

ஆகவே இப்படிப்பட்ட கரைகளில் இரவு தங்கப் போகிறவர்கள், கூடாரத்தைப் பாறைச்சுவரின் அடியிலும் போடாதீர்கள், தாழ்ந்த மணலிலும் போடாதீர்கள். மேட்டுக்குப் போகும் பாதையை வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை நடந்து பாருங்கள். தரை பலமாகவோ வெகுநேரமோ குலுங்கினால், கடல் உள்வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஏறிவிடுங்கள். முதல் அலை வடிந்துவிட்டதே என்று பைகளை எடுக்கக் கீழே இறங்காதீர்கள்.