ராகி வயல்களும் சிப்காட்டும்: ஓசூரின் இரு முகங்கள்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஓசூர், 1970-கள் வரை ராகி, கொள்ளு, அவரை விளைவித்த சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சந்தையாக விளங்கிய சிறு நகரமாக இருந்தது. மழையை மட்டுமே நம்பிப் பயிரிடும் மானாவாரி வேளாண்மை இங்கு மேலோங்கியிருந்ததால், விளைச்சலின் குறையை ஈடுசெய்யக் கால்நடை வளர்ப்பு துணைநின்றது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824-இல் தொடங்கப்பட்ட அரசுக் கால்நடைப் பண்ணை அக்காலப் பொருளாதாரத்துக்குச் சான்றாக இன்றும் இயங்குகிறது.

வேளாண்மைக்குப் பாதகமாயிருந்த இயல்புகளே தொழிலுக்குச் சாதகமாயின. தொழிற்சாலைகளுக்கு நிலம், சாலை, தண்ணீர் முதலியவற்றை ஏற்படுத்தித் தருவதற்காக 1971-இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட், மானாவாரி நிலம் மலிவாகக் கிடைத்ததையும் பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டரில் இருந்ததையும் கருதி, இங்கே தொழில் வளாகம் அமைத்தது. பின்தங்கிய பகுதிகளுக்கான சலுகைகளும் சேர்ந்துகொள்ள, 1980-களின் இறுதிக்குள் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் எழுந்தன. 2001-இல் 84 ஆயிரத்தைத் தாண்டியிருந்த நகர மக்கள்தொகை 2011-இல் 1 லட்சத்து 16 ஆயிரத்தைக் கடந்தது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது.

இவ்வளர்ச்சியில் தேய்ந்தது வேளாண்மை முழுவதும் அன்று, பழைய தானிய வேளாண்மையே. நிலத்தின் மதிப்பை விளைச்சலைவிட நெடுஞ்சாலைக்கும் ஆலைக்கும் உள்ள நெருக்கம் தீர்மானிக்கத் தொடங்கியதும், மானாவாரி வயல்கள் மனைகளாயின. இளைய தலைமுறை மாதச் சம்பளத்தை நாடியது. எஞ்சிய நிலத்தில், குளிர்ந்த தட்பவெப்பத்தைப் பயன்படுத்தி, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்படும் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கப்படுகிறது; அருகிலுள்ள தளி, பாகலூர்ப் பகுதிகளிலிருந்து பூக்களும் காய்கறிகளும் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகின்றன. ஆனால் முதலீடு மிகுதியாகத் தேவைப்படும் இம்முறை, சிறு விவசாயிகள் அனைவருக்கும் எட்டுவதன்று.

தண்ணீரின் நிலை இன்னும் சிக்கலானது. நந்தி மலைப் பகுதியில் தோன்றி வரும் தென்பெண்ணை, பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்து ஓசூர் அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைவதால், அணையிலிருந்து வெளியேறும் நீரில் நுரை பொங்குவது அடிக்கடி செய்தியாகிறது. ஆகவே, இங்கு எஞ்சியுள்ள வேளாண்மையின் எதிர்காலம் உழவர் கையில் மட்டும் இல்லை. எந்த நிலத்தை மனையாக்கலாம் என்ற அரசின் முடிவையும், எல்லைக்கு அப்பால் கழிவுநீர் எவ்வளவு சுத்திகரிக்கப்படுகிறது என்பதையும் அது பொறுத்திருக்கிறது.