சர்பத் எது? தம்ளர் எது?

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாசலில் விருந்தாளி வந்து நிற்கிறார். "கொஞ்சம் தண்ணீர் கொடுங்கம்மா" என்கிறார்.

வெறும் தண்ணீர் கொடுக்க வீட்டுக்காரிக்கு மனம் வருமா? எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிகிறார். சர்க்கரை போட்டுக் கலக்குகிறார். அலமாரியில் புதிதாக வாங்கிய செம்புத் தம்ளர் தகதகவென்று மின்னுகிறது. அதில் ஊற்றி, ஐஸ் கட்டியும் போட்டுக் கொடுக்கிறார்.

சர்பத் என்னவோ நல்ல சர்பத்தான். தம்ளர்தான் தவறு!

பாட்டி சொன்ன களிம்பு

செம்பில் புளிப்புப் பட்டால் செம்பு கரையும். பித்தளையும் அப்படித்தான். செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதானே பித்தளை! கரைந்த செம்பு பானத்தோடு வயிற்றுக்குள் போகிறது. அளவு அதிகமானால் குமட்டும், வயிறு வலிக்கும், வாந்தியும் வரும்.

அந்தக் காலத்துப் பாட்டிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஈயம் பூசாத பித்தளையில் மோரை ஊற்ற விடமாட்டார்கள். "களிம்பு ஏறிவிடும்" என்று அதட்டுவார்கள். ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்தால் போதும். வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் திண்ணைக்கு வந்துவிடும். அவர் பூசியது வெள்ளீயம். புளிப்புக்கும் பித்தளைக்கும் நடுவில் அது ஒரு சுவர் போல நின்றது.

பிறகு எவர்சில்வர் வந்தது. ஈயம் பூசுகிறவரின் குரல் தேய்ந்து போனது. இப்போது செம்புத் தம்ளரும் செம்புப் புட்டியும் மறுபடி கடைக்கு வந்திருக்கின்றன. பல பாத்திரங்களில் உள்ளே பூச்சு கிடையாது! அவற்றில் தண்ணீர் வைத்துக் குடிக்கலாம். எலுமிச்சை சர்பத், மோர், எலுமிச்சை பிழிந்த பானகம் ஆகியவற்றை ஊற்றக் கூடாது. ஸ்ரீராமநவமிக்குப் பித்தளைக் குடத்தில் பானகம் கரைக்கிற வீடுகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கதை

இந்தச் சங்கதி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் "மாஸ்கோ மியூல்" என்று ஒரு மதுக் கலவை உண்டு. "மியூல்" என்றால் கோவேறு கழுதை. மாஸ்கோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1940-களில் அமெரிக்காவிலேயே பிரபலமானது. ஓட்கா என்ற மதுவில் இஞ்சி சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, பளபளக்கும் செம்புக் குவளையில் கொடுப்பார்கள். குவளைதான் அதற்கு அழகே!

2017-ம் ஆண்டு ஐயோவா மாநில மதுபான இலாகா ஓர் எச்சரிக்கை விடுத்தது. புளிப்பான பானம் செம்பில் நேராகப் படக் கூடாது. உள்ளே எவர்சில்வர் அல்லது நிக்கல் பூச்சுள்ள குவளையில்தான் கொடுக்க வேண்டும் என்றது. நம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொன்னதும் அதுதானே!

நன்னாரி சர்பத்

புளிப்புக்கு ஏற்றது கண்ணாடி. எலுமிச்சைச் சாறு அதை ஒன்றும் செய்யாது. பானத்தின் நிறமும் கண்ணுக்குத் தெரியும். நன்னாரி சர்பத்தைக் கண்ணாடித் தம்ளரில் பார்ப்பதே பாதி தாகத்தைத் தணிக்கும்.

நன்னாரிப் பாகை வீட்டிலேயே காய்ச்சலாம். 100 கிராம் வேரை மண் போகக் கழுவி, தட்டி, நடுவில் உள்ள கட்டையை எடுத்துவிட வேண்டும். ஒரு லிட்டர் கொதிக்கும் நீரில் போட்டு இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும். காலையில் துணியில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டும். விரலில் ஒட்டும் பதம் வந்ததும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து இறக்கினால், சர்க்கரை மறுபடி கட்டி தட்டாது. ஆறியபின் ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி வைக்கலாம்.

பாகாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. குளிர்ந்த நீரில் சர்க்கரை லேசில் கரையாது, அடியில் தங்கிவிடும். பாகு உடனே கலக்கும்.

ஒரு தம்ளருக்கு இரண்டு மேஜைக்கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை போதும். சப்ஜா விதை சேர்க்கிறவர்கள் அதைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். உலர்ந்த விதையைக் குழந்தைகள் வாயில் போட்டால் ஆபத்து. அது தொண்டையில் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும்.

சோடா ஊற்றுவதானால் உயரமான, ஒடுக்கமான தம்ளர் வேண்டும். அகன்ற தம்ளரில் கேஸ் சீக்கிரம் பறந்துவிடும். முதலில் பாகு, பிறகு தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாகச் சோடா. நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை கிளறினால் போதும். பலர் சோடாவை மோர் கடைவது போலக் கடைகிறார்கள். பிறகு சோடா எங்கே இருக்கும்?

தம்ளர் விரிசல் விடுவது ஏன்?

சுடுநீரில் கழுவிய சூட்டோடு தம்ளரில் ஐஸ் போட்டால் "டப்"பென்று விரிசல் விடும். உள்பக்கம் குளிர்ந்து சுருங்குகிறது. வெளிப்பக்கம் சூட்டில் விரிந்தபடியே நிற்கிறது. இந்த இழுபறியைக் கண்ணாடி தாங்காது. தடித்த கண்ணாடிதான் இதில் முதலில் உடையும்! சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவ அதில் அதிக நேரமாகிறது.

விளிம்பு உடைந்த தம்ளரை, ஒரு சிறு சில்லுதான் பெயர்ந்தது என்றாலும், தூக்கி எறிய வேண்டியதுதான். ஓடியாடும் குழந்தைகளுக்குக் கண்ணாடியே வேண்டாம். எவர்சில்வர் தம்ளரில் கொடுக்கலாம். புளிப்பு அதை அரிக்காது.

ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய தம்ளர்கள் சில சமயம் சிக்கிக்கொள்ளும். பலங்கொண்ட மட்டும் இழுத்தால் கை கிழியும். மேல் தம்ளரில் குளிர்ந்த நீரை ஊற்றி, கீழ்த் தம்ளரை வெதுவெதுப்பான நீரில் நிறுத்த வேண்டும். மேலே உள்ளது சுருங்கும். கீழே உள்ளது விரியும். சிறிது நேரம் கழித்து மெல்லத் திருகினால், இரண்டும் தனித்தனியாகக் கைக்கு வந்துவிடும்.