பெர்னாம் பள்ளத்தாக்கின் கற்பதுக்கைகள்

எழுத்தறியாக் காலத்து மக்களின் வரலாற்றை நாம் எங்ஙனம் அறிகிறோம்? அவர்கள் ஏடு எழுதி வைக்கவில்லை. அவர்கள் கட்டிய மரவீடுகளும் மட்கிப் போயின. ஆயினும், இறந்தோர்க்கென அவர்கள் கல்லால் அமைத்த இல்லங்கள் பல இன்றும் அழியாமல் உள்ளன. பெரிய கற்களை நிறுத்தியும் மூடியும் அமைக்கப்பெற்ற இவற்றைப் பெருங்கற் சின்னங்கள் என்பர்.

உலகின் பல பகுதிகளில் இவை உண்டு. அயர்லாந்து நாட்டின் நியூகிரேஞ்ச் என்னுமிடத்தில் உள்ள கல்லறை, புதிய கற்கால உழவர்கள் 5,000 ஆண்டுகளுக்கு முன்னரே கட்டியது. ஆண்டிலேயே பகற்பொழுது மிகக் குறுகிய டிசம்பர்த் திங்கள் நாள்களில், காலைக் கதிரவனின் ஒளி அதன் நீண்ட நடைவழியூடே சென்று உள்ளறையைத் தொடுகிறது. அக்கல்லறையை அகழ்ந்தாய்ந்த பேராசிரியர் ஓகெல்லி 1967ஆம் ஆண்டில் இதனை நேரிற் கண்டு உலகுக்கு உரைத்தார்.

இவையெல்லாம் எங்கோ தொலைவில் உள்ளவை என்று எண்ணிவிட வேண்டா. உலு யாமிலிருந்து வடக்கு நோக்கிக் கோலக் குபு பாருவைக் கடந்தால், சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லையாய் ஓடும் பெர்னாம் ஆறு வரும். அவ்வாற்றுப் பகுதியிலும், அதனை அடுத்த சிலிம், சுங்காய் வட்டாரங்களிலும், சங்காட் மெந்திரியிலும் கற்பலகைகளால் ஆன பழங்கல்லறைகள் கண்டறியப்பட்டன. பேராக் அரும்பொருளகத்தைச் சேர்ந்த ஐவர் எவன்ஸ் 1920களில் இவற்றை ஆராய்ந்து, 1928ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். சிங்கப்பூர் ராபிள்ஸ் அரும்பொருளகத்தைச் சேர்ந்த காலிங்ஸ் 1930களில் இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

கல்லறையின் அமைப்பு எளியது. நிலத்தில் நீண்ட குழி தோண்டி, நாற்புறமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே பலகைகளால் மூடினர்; ஒரு கற்பெட்டி போல் அது விளங்கியது. உள்ளே மட்பாண்டங்கள், மணிகள், இரும்புக் கருவிகள் ஆகியவை கிடைத்தன. எலும்புகளோ எஞ்சவில்லை. மழை மிகுந்த நம் நாட்டின் புளிப்பு மண் எலும்பைக் கரைத்துவிடும் தன்மையது. இரும்பு கிடைத்தமையால், இவை நியூகிரேஞ்சைப் போலப் புதிய கற்காலத்தவை அல்ல. பிந்திய இரும்புக் காலத்தவை என்பது பெறப்படும்.

அவ்விரும்புக் கருவிகளுள் சில நீண்ட காம்புடையவை. மண்ணில் தற்செயலாய்க் கிடைத்த இத்தகையவற்றை மலாய்க்காரர்கள் 'தூலாங் மாவாஸ்' என்றழைத்தனர். மாவாஸ் என்னும் காட்டு விலங்கின் எலும்பு என்பது அதன் பொருள். கருவியைச் செய்தவர் யாரென்பது மறந்துபோன இடத்தில், கதை வந்து அமர்ந்துகொண்டது!

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்திலும் இத்தகைய சின்னங்கள் மிகப்பல. நாற்புறமும் கல் நிறுத்தி நிலத்துள் அமைத்தது கற்பதுக்கை; நிலத்தின் மேல் அமைத்தது கல்திட்டை; சுற்றிலும் வட்டமாய்க் கல் வைத்தது கல்வட்டம்; பெரிய பானையில் இட்டுப் புதைத்தது முதுமக்கள் தாழி. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலின் கற்பதுக்கைகளில் செந்நிறச் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார்; அங்கே 2004–05இல் நடந்த அகழாய்வில் மட்டும் 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன.

பெர்னாம் கல்லறைகளிலும் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. அதனால் அங்கே துயின்றவர் தமிழர் என்று கூறிவிடலாமா? கூடாது. மணி கடல் கடந்து வரலாம். அதனை அணிந்தவர் இம்மண்ணிலேயே பிறந்தவராய் இருக்கலாம். இறந்தோரைக் கல்லிட்டு மூடும் வழக்கமும் ஓரினத்துக்கே உரியதன்று. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே சொல்லுதல் ஆய்வாளரின் அறமாகும்.

அச்சான்று எவ்வாறு கிடைக்கிறது? ஆய்வாளர் மண்ணை அடுக்கடுக்காக, மெல்ல மெல்ல அகற்றுவர். எப்பொருள் எவ்வாழத்தில், எதன் அருகில் இருந்தது என்பதை அளந்து வரைந்து வைப்பர். பொதுவாக, கீழ் அடுக்கு மூத்தது. மேல் அடுக்கு இளையது. ஒரு துண்டு கரி கிடைத்தாலும் காலம் கணிக்கலாம். உயிருள்ளவற்றில் இருக்கும் கதிரியக்கக் கரிமம், அவை இறந்தபின் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்து வயதைக் கூறுவர். ஆதலின், பொருளை ஒருவர் பிடுங்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டு சென்றால், மணி மட்டுமே மிஞ்சும். அதன் வரலாறு அழிந்துவிடும்.

தோட்டப் பெருமக்களே, இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. மறுநடவுக்கு நிலம் திருத்தும்போதும், கால்வாய் வெட்டும்போதும் மண்ணை முதலிற் காண்பவர் பேராசிரியர் அல்லர். மண்வெட்டி பிடித்த தொழிலாளரே. நிறுத்திய கற்பலகையோ, பழைய இரும்போ, மணியோ தென்பட்டால் கைவைக்காமல், தோட்ட நிருவாகத்திடம் கூறி, மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இதனை நம் கடமையாக்கியுள்ளது.

மாணவச் செல்வங்களே, இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். காடழித்து ரப்பர் நட்ட நம் பாட்டன்மார் பலருடைய புதைகுழிகளுக்குக் கற்பலகையும் இல்லை. நட்ட மரக்கட்டையும் கறையானுக்கு இரையாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாய் மாறும்போது அவ்விடுகாடுகளும் மறைகின்றன. பெர்னாம் மக்களுக்கு எழுத்தில்லை. அதனால் அவர்தம் பெயர் நமக்குத் தெரியவில்லை. நமக்கோ எழுத்து உண்டு. வரும் விடுமுறையில் ஒரு பயிற்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் தாத்தா பாட்டியிடம் அமருங்கள். இத்தோட்டத்தில் மறைந்த முன்னோரின் பெயர், பிறந்த ஊர், செய்த வேலை, மறைந்த ஆண்டு, அடக்கம் செய்த இடம் ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதுங்கள். அப்புத்தகங்களைப் பள்ளி நூலகத்தில் வைத்துக் காப்போம்.