கையில் பணம் இருந்தும் கலைந்த கிளப்

ஆண்டுதோறும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ரக்பி ஆட்டத்தில் மோதும்போது, வென்ற கட்சிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கிடைக்கிறது. மூன்று நாகங்கள் கைப்பிடிகளாக வளைந்து நிற்கும். மூடியின் உச்சியில் ஒரு யானை. அதன் பெயர் கல்கத்தா கோப்பை. நம் நாட்டு வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. உலகப் புகழ் பெற்ற இந்தக் கோப்பைக்குப் பின்னால் ஒரு கிளப் மூடப்பட்ட கதை இருக்கிறது.

1872 கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் இருந்த வெள்ளையர்கள் கட்சிக்கு 20 பேராகப் பிரிந்து ரக்பி ஆடினார்கள். அந்த உற்சாகத்தில் 1873 ஜனவரியில் கல்கத்தா புட்பால் கிளப் பிறந்தது. ஓராண்டுக்குள் 137 அங்கத்தினர்கள் சேர்ந்தார்கள். ஆனால் கிளப்பில் இலவசமாகக் கொடுத்துவந்த மதுபானத்தை நிறுத்தியதும் கூட்டம் கரையத் தொடங்கியது. ஆட்டக்காரர்களைத் தந்துவந்த ராணுவ ரெஜிமெண்ட் 1876-ல் ஊரை விட்டுப் போயிற்று. வங்கத்து வெயிலுக்கு டென்னிசும் போலோவும் தோதாக இருந்தன. கடைசியில் காப்டன், கௌரவக் காரியதரிசி, பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளும் ஜி.ஏ. ஜேம்ஸ் ராத்னி என்ற ஒருவர் தலையிலேயே விழுந்தன.

பாங்கியில் பணம் இருந்தது. ஆட ஆள் இல்லை. இருந்த பணத்தை 270 வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கிக் கோப்பையாக்கி, 1878-ல் இங்கிலாந்து ரக்பி யூனியனுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

சம்பளம் வாங்காத தொண்டர்களால் நடக்கும் எந்த விளையாட்டுக் கழகத்துக்கும் இதில் பாடம் உண்டு.

ஆள் பலம்

ரக்பியில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருபவரிடம்தான் கொடுக்க வேண்டும். கட்சிக்கு 15 பேர். மோதலும் காயமும் உள்ள ஆட்டமாதலால் மாற்று ஆட்டக்காரர்களும் தேவை. பரீட்சை எழுதுபவர், வெளியூரில் வேலை கிடைத்தவர், முழங்கால் சுளுக்கியவர் என்று கழித்துப் பார்த்தால், பட்டியலில் 30 பெயராவது இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரு கட்சி நிற்கும். 7 பேர் ஆட்டம் இதற்கு ஓரளவு மாற்று. பிடித்துத் தள்ளாமல் தொட்டு ஆடும் டச் ரக்பியில் சிறுவர், சிறுமியர், வயதானவர் எல்லோரும் கலந்துகொள்ளலாம். செலவு ஒரு பந்துதான்.

ஆண்டுக்கு ஐந்து பேர் விலகுகிறார்கள் என்றால், கீழேயிருந்து ஐந்து பேர் வந்துகொண்டே இருக்க வேண்டும். பெரியவர்கள் கட்சியை மட்டும் வைத்துக்கொண்டு, சிறுவர்களுக்கு வகுப்பு நடத்தாத கிளப் முதலைத் தின்று வாழும் குடும்பம் போன்றது.

மைதானத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு

அதே கொல்கத்தாவில் இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. ராணுவத்துக்குச் சொந்தமான பரந்த மைதானத்தில் மதில் கிடையாது. ஆடுபவர்களை யாரும் வேடிக்கை பார்க்கலாம், கூட வந்து ஆடவும் செய்யலாம். அங்கே 2004-ல் ஜங்கிள் க்ரோஸ் என்ற ரக்பி கிளப் தொடங்கியது. பிரிட்டிஷ் தூதரகப் பணியில் கொல்கத்தா வந்த பால் வால்ஷ் அதற்கு வித்திட்டார். கிளப்போடு நிற்காமல், ஏழைக் குடியிருப்புகளுக்கே பந்தைக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டவர்களில் சிலர் வளர்ந்து, அடுத்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள்.

2013 வாக்கில் அந்தப் பந்து ஜல்பாய்குரி மாவட்டத்தின் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்தை எட்டியது. கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் அதைக் கையில் எடுத்தார்கள். சிலர் இந்திய அணி வரை உயர்ந்தார்கள். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்ற கணக்கில் தோற்கடித்தது. 15 பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களுக்கு அதுவே முதல் சர்வதேச வெற்றி.

தொடங்கியவர் ஒருவராக இருக்கலாம். தொடர்ந்து நடத்த, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வேண்டும்.

கணக்கும் காகிதமும்

ஆள் பலம் முக்கியம் என்பதற்காகப் பணத்தை அலட்சியம் செய்ய முடியாது. பந்து, பனியன், முதலுதவிப் பெட்டி, ரயில் கட்டணம் எல்லாம் செலவுதான். கழகத்தைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்ய வேண்டும். வருமான வரிச் சட்டப்படி அதற்கான அங்கீகாரம் இருந்தால், நன்கொடை தருபவருக்கு அந்தச் சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வரிச் சலுகை உண்டு. 2013 கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்கு லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்கிறது. ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் அடங்கும். 7 பேர் ரக்பி 2016 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆனால் பொதுவாக மூன்றாண்டு அனுபவம் உள்ள அமைப்புக்கே அந்தப் பணம் போகும். ஆகவே முதல் நாளிலிருந்தே ரசீதும் கணக்குப் புத்தகமும் ஒழுங்காக இருப்பது அவசியம்.

ஒரு எச்சரிக்கை: நன்கொடை இந்த ஆண்டு வரும், அடுத்த ஆண்டு வராது. மைதானம், பந்து, மருந்து ஆகிய அன்றாடச் செலவை மாதச் சந்தாவிலேயே சமாளிக்க வேண்டும். நன்கொடையை வெளியூர்ப் பந்தயங்களுக்கும் புதிய பயிற்சி வகுப்புகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சந்தாவை விடப் பெரிய மூலதனம் பெற்றோரின் நம்பிக்கை. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும். அன்று மறுபடி இறக்கக் கூடாது. பந்தயம் தோற்றாலும் பரவாயில்லை என்று இதைக் கடைப்பிடிக்கும் கிளப்புக்குத்தான் தாய்மார்கள் இரண்டாவது பிள்ளையையும் அனுப்புவார்கள்.

நாற்காலி மாற வேண்டும்

2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளுடன் ரக்பி பிரிமியர் லீக் முதன்முறையாக நடந்தது. சென்னை புல்ஸ் பட்டம் வென்றது. மேல்தட்டில் பணம் வருவது நல்லதுதான். ஆனால் அந்த அணிகளுக்கு ஆடவேண்டிய நாளைய வீரர்களைக் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் கோடு போடும் தொண்டர்கள்தான் உருவாக்க வேண்டும்.

அவர்கள் களைத்துப்போவதற்குக் காரணம் வேலை அதிகம் என்பது மட்டுமில்லை. தோள் மாற்ற ஆள் இல்லாததும்தான். வெளி மாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்திய நம்மவர்களுக்கு இது புதிதல்ல. பத்து வருஷம் ஒரே காரியதரிசி. அவர் மாற்றலாகிப் போனால் பொங்கல் விழாவும் நின்றுவிடும்.

எனவே பொறுப்புகளைச் சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். ஒருவர் சந்தா வசூலிக்கட்டும், ஒருவர் மைதானத்தைக் கவனிக்கட்டும், ஒருவர் பிள்ளைகளின் பெற்றோரோடு பேசட்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் உதவியாளர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உதவியாளரே பொறுப்பேற்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்து முடித்ததும், பாங்கிப் புத்தகத்தை 25 வயது இளைஞர் ஒருவரிடமோ இளம்பெண் ஒருவரிடமோ கொடுத்துப் பாருங்கள். முதல் ஆண்டில் சில பிழைகள் வரலாம், கிளப் நிலைக்கும்.