இன்ரநெற்றில் பூட்டும் திறப்பும்

செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் எப்படி இருக்கும் என்று எமது பெரியவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. ஒரு படிவம், அதிலே குடும்பச் செய்தி மட்டும், ஒட்டிய உறை கிடையாது. வழியில் யாரும் வாசிக்கலாம் என்று தெரிந்துகொண்டே எழுதினோம். "நாங்கள் சுகம், நீங்கள் சுகமா" என்பதற்கு மேல் மனந்திறந்து எழுத முடியவில்லை. இன்று கைத்தொலைபேசியில் ஊருக்கு அனுப்பும் செய்தி ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. அது உறையிலிட்டு ஒட்டிய கடிதமா, திறந்த கடிதமா என்று மட்டும் எம்மவர்கள் அதிகம் கேட்பதில்லை. பாடசாலையில் கணனி படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களிடம் கேட்டறியத் தயங்கும் பெற்றோருக்காகவும் இவ்விடயத்தை அடியிலிருந்து எழுத விரும்புகின்றோம்.

முதலில் வீதியைப் பார்ப்போம். பேர்ணிலிருந்து வவுனியாவுக்கு ஒரு செய்தியை அனுப்பினால் அது ஒரே கம்பியில் நேராகப் போவதில்லை. சிறு சிறு பொதிகளாக வெட்டப்பட்டு, பல நாடுகளில், பல நிறுவனங்களுக்குச் சொந்தமான இயந்திரங்களைக் கடந்து, கடைசியில் மீண்டும் ஒன்றுசேர்கின்றது. பூட்டப்படாத பொதியாக இருந்தால் இடையிலுள்ள ஒவ்வோர் இயந்திரமும் அதனை வாசிக்கலாம், பிரதியும் எடுக்கலாம்.

வையவிரிவலை பிறந்ததும் எமது சுவிசில்தான் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஜெனிவாவின் ஓரத்திலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1989 மார்ச்சில் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் அதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1990 முடிவில் முதற் கணனியில் அது இயங்கியது. 1993 ஏப்ரல் 30இல், யாரும் இதனை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. விஞ்ஞானிகள் தமக்குள் ஆய்வுகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு ஆகையால் அதில் பூட்டு எதுவும் இருக்கவில்லை. வியாபாரமும் வங்கியும் உள்ளே வரத் தொடங்கிய பின்னர், 1990களின் நடுப்பகுதியில்தான் பூட்டுப் போடும் முறை சேர்க்கப்பட்டது. இணைய முகவரியின் தொடக்கத்தில் 'எச்.ரி.ரி.பி' என்பதற்குப் பின்னால் வரும் 'எஸ்' என்ற எழுத்து அந்தப் பூட்டைத்தான் குறிக்கின்றது.

இந்தப் பூட்டுக்குக் குறியாக்கம் என்று பெயர். எமக்கு இது புதிதல்ல. சிறுவயதில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' போட்டு, பெரியவர்களுக்கு விளங்காதென்று நினைத்துப் பேசாதவர் யார்? அதிலுள்ள குறை, முறை தெரிந்தவுடன் எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்பதே.

அடுத்த படிக்குப் போவோம். எமது மெய்யெழுத்து வரிசை க, ங, ச, ஞ என்று தொடங்கி ற, ன என முடியும் 18 எழுத்துக்கள். ஒவ்வொன்றையும் ஓரிடம் முன்னே தள்ளினால் 'மகள்' என்ற சொல் 'யஙற்' என்றாகிவிடும். எழுத்தைத் தள்ளுவது முறை. எத்தனை இடம் தள்ளினோம் என்ற எண்தான் திறப்பு. உரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் இவ்வாறு மூன்று இடம் தள்ளி எழுதினார் என்பர். ஆனால் எமது வரிசையில் தள்ளக்கூடிய வழிகள் 17 மட்டுமே. பொறுமையுள்ள பிள்ளை ஒன்று அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். ஆகவே திறப்புகளின் எண்ணிக்கை யாராலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

ஒல்லாந்தில் பிறந்த ஒகுஸ்ற் கேர்க்கோவ்ஸ் என்பவர் 1883இல் ஒரு விதியை எழுதி வைத்தார். பூட்டின் அமைப்பு எதிரியின் கையில் அகப்பட்டாலும் பாதகம் இருக்கக்கூடாது. திறப்பு மட்டுமே இரகசியமாக இருந்தால் போதும் என்பதே அதன் சாரம். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். பூட்டை ஒளித்து வைப்பதுதானே புத்தி என்று மனம் சொல்லும். இந்த விதி ஏன் சரியென்பதற்குச் சுவிசிலேயே ஒரு பெரிய கதை இருக்கின்றது. அதற்கு முன் கணக்கு ஒன்று செய்து பார்ப்போம்.

திறப்பு ஒன்றாயின் அதனை ஊரிலுள்ளவருக்கு எப்படி அனுப்புவது? திறந்த வழியில் அனுப்பினால் இடையில் இருப்பவனும் எடுத்துக்கொள்வான். இந்தச் சிக்கலுக்கு 1976இல் டிபி, ஹெல்மன் என்னும் இரு அமெரிக்கர்கள் வழிகாட்டினர். 1977இல் ரிவெஸ்ற், ஷமீர், அடெல்மன் என்னும் மூவர் அதனை எளிய கணக்காகச் செய்து காட்டினர். நீங்கள் திறந்த ஆமைப்பூட்டுகளை எல்லோருக்கும் கொடுத்துவிடுகின்றீர்கள். யாரும் பெட்டியை அதனால் அமுக்கிப் பூட்டி அனுப்பலாம். திறக்கும் திறப்பு உங்களிடம் மட்டுமே இருக்கின்றது. பூட்டுவதற்கு ஒன்று, திறப்பதற்கு வேறொன்று.

பிள்ளைகள் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 11 ஆகிய இரு முதன்மை எண்களைப் பெருக்கினால் 33. இந்த 33உடன் 3 என்ற எண்ணையும் சேர்த்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகின்றோம், இது பூட்டு. ஒருவர் எமக்கு 4 என்ற எண்ணை இரகசியமாக அனுப்ப வேண்டும். அவர் 4ஐ மூன்று தடவை பெருக்குகின்றார்: 64. அதனை 33ஆல் வகுத்தால் மீதி 31. அந்த 31ஐ எல்லோரும் பார்க்க அனுப்புகின்றார். எம்மிடம் உள்ள இரகசியத் திறப்பு 7. நாம் 31ஐ ஏழு தடவை பெருக்கி 33ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், இடையிடையே வகுத்துக்கொண்டு போகலாம். 31ஐ 31ஆல் பெருக்க 961, மீதி 4. இரண்டு தடவைக்கு 4 என்றால் நான்கு தடவைக்கு 16. ஆறு தடவைக்கு 16ஐ 4ஆல் பெருக்கி 64, மீதி 31. ஏழாவது தடவை மீண்டும் 31ஆல் பெருக்க 961, மீதி 4. அனுப்பிய எண் கிடைத்துவிட்டது!

7 எங்கிருந்து வந்தது? 3இலும் 11இலும் ஒவ்வொன்றைக் கழித்துப் பெருக்கினால் 20. 3ஐ எதனால் பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி 1 வரும்? 7ஆல். ஆகவே 33ஐ 3, 11 என்று பிரிக்கத் தெரிந்தவனுக்குத் திறப்புக் கிடைத்துவிடும். 33ஐ யாரும் பிரிக்கலாம். உண்மையில் பயன்படுத்தும் எண்கள் 617 இலக்கங்கள் கொண்டவை. அவற்றைப் பிரிக்க இன்றுள்ள எந்தக் கணனியாலும் முடியாது. வீட்டில் 5 என்ற எண்ணை இதே பூட்டினால் பூட்டிப் பாருங்கள். 26 வந்தால் கணக்குச் சரி.

இந்தக் கணக்கு நீண்ட செய்திகளுக்கு மெதுவானது. ஆதலால் ஒரு சிறிய திறப்பை மட்டும் இதனால் பூட்டி அனுப்பிவிட்டு, மீதிச் செய்தியை வேகமான வேறொரு முறையால் பூட்டுவது வழக்கம். அத்தகைய வேகமான முறை ஒன்றை 1991இல் சூரிச் ஈ.ரி.எச் பல்கலைக்கழகத்தில் சீனரான லாயும் அமெரிக்கரான மாசியும் உருவாக்கினர். ஐடியா என்பது அதன் பெயர். அதன் திறப்புகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். அமெரிக்கரான பில் சிமர்மன் சாதாரண மக்களுக்கென்று செய்த பி.ஜி.பி என்னும் மின்னஞ்சல் பூட்டில் 1992இல் இதனைச் சேர்த்துக்கொண்டார். அன்று அமெரிக்கச் சட்டத்தில் பலமான குறியாக்கம் ஆயுதத்துக்குச் சமம். ஆயுதத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினாரா என்று சிமர்மன் மீது விசாரணை நடந்து, 1996இல் கைவிடப்பட்டது.

இனி அந்தச் சுவிஸ் கதைக்கு வருவோம். சூக் மாநிலத்தில் கிரிப்ரோ ஆ.கே என்றொரு நிறுவனம் இருந்தது. சுவீடன் நாட்டவரான போரிஸ் ஹாகெலின் 1952இல் அதனை நிறுவினார். அரசாங்கங்கள் தமது தூதரகங்களுடனும் படைகளுடனும் இரகசியமாகப் பேசுவதற்கான இயந்திரங்களை அது விற்றது. சுவிஸ் நடுநிலை நாடு, சுவிஸ் பொருள் நம்பிக்கையானது என்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. இயந்திரத்தின் உள்ளே பூட்டு எப்படி அமைந்திருக்கின்றது என்பது நிறுவனத்தின் இரகசியம்.

1970இல் அமெரிக்காவின் சி.ஐ.ஏயும் மேற்கு ஜேர்மனியின் பி.என்.டியும் இந்த நிறுவனத்தை யாருக்கும் தெரியாமல் வாங்கிவிட்டன. பல நாடுகளுக்கு விற்ற இயந்திரங்களில் பூட்டை அவர்களே பலவீனமாக்கினர். பணத்தையும் கொடுத்து, இரகசியத்தையும் கொடுத்தன அந்த நாடுகள். 1992 மார்ச்சில் நிறுவனத்தின் விற்பனையாளர் ஹான்ஸ் பூலர் தெஹ்ரானில் கைதுசெய்யப்பட்டார். தாம் விற்ற பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது அம்மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்பது மாதங்களுக்கு மேல் அடைபட்டிருந்து, 1993 ஜனவரியில் 10 இலட்சம் டொலர் கட்டிய பின்னரே விடுதலையானார். திரும்பி வந்தவரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது; கட்டிய பணத்தையும் அவரிடமே கேட்டது. ஜேர்மனியர் 1993இல் விலகிக்கொண்டனர், அமெரிக்கர் 2018 வரை இருந்தனர். 2020 பெப்ரவரியில் சுவிஸ் தொலைக்காட்சி, ஜேர்மன் தொலைக்காட்சி, வாஷிங்டன் போஸ்ற் பத்திரிகை மூன்றும் சேர்ந்து முழு விபரத்தையும் வெளியிட்டன. சுவிஸ் உளவுத்துறைக்கு 1993 முதலே இது தெரியும் என்று அதே ஆண்டு நவம்பரில் பாராளுமன்றக் குழு அறிவித்தது.

ஈ.ரி.எச்சின் ஐடியா முறை அச்சில் வெளியாகி, உலகெங்குமுள்ள நிபுணர்கள் உடைத்துப் பார்க்க முயன்ற பூட்டு. கிரிப்ரோவின் பெட்டியோ யாரும் திறந்து பார்க்கக் கூடாத பூட்டு. எதனை நம்பலாம் என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். சுவிசில் செய்யப்படும் திறீமா என்னும் செய்திச் செயலி 2020 டிசம்பரில் தன் செயலியின் நிரலை வெளியிட்டது. 2023இல் ஈ.ரி.எச் ஆராய்ச்சியாளர்கள் அதில் ஏழு வகைத் தாக்குதல்கள் சாத்தியம் என்று காட்ட, அவை திருத்தப்பட்டன. குறை கண்டுபிடித்தார்களே என்று சிலர் பயந்தனர். எமக்கோ, குறை கண்டுபிடிக்க விட்ட பூட்டே மேலானது என்று படுகின்றது.

வட்ஸ்அப், வைபர் ஆகியவை 2016 முதல் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் செய்தியைப் பூட்டியே கொண்டுசெல்கின்றன. ஊருடன் பேசும்போது இடையில் நிற்பவன் சொற்களை வாசிக்க முடியாது. ஆயினும் பூட்டு காக்காதவை சில உண்டு. புதிதாக வந்த குடும்பங்கள் இதனைக் கவனித்து வாசிக்க வேண்டும்.

கடிதத்தைக் காக்கும் பூட்டு, உறையின் மேலுள்ள முகவரியைக் காக்காது. யார் யாருடன் எப்போது பேசினார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். ஜெனிவாவின் புரோட்டன் மின்னஞ்சல் நிறுவனம் 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுக்கமைய ஒரு பிரெஞ்சுச் செயற்பாட்டாளரின் இணைப்பு இலக்கத்தைக் கொடுக்க நேர்ந்தது. கடிதங்களை அதனால் கொடுக்க முடியவில்லை. வட்ஸ்அப் செய்திகளின் சேமிப்புப் பிரதியும் தனியாகப் பூட்டப்பட வேண்டும். அதற்கான வசதியை நீங்களே அமைப்புகளில் போட வேண்டும்.

செய்தி போய்ச் சேர்ந்த இடமும் பத்திரமாக இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் கணனிகளுக்குள் திருடர்கள் நுழைந்திருந்தது தெரியவந்தது. உறவுகளைப் பிரிந்தவர்கள், காணாமற்போனோர், தடுப்பிலிருப்போர் என 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அவற்றில் இருந்தன. நுழைந்த வழி, சென்னையின் சோகோ நிறுவன மென்பொருளில் இருந்த ஒரு துளை. திருத்தம் ஏற்கெனவே வெளிவந்திருந்தது; உரிய நேரத்தில் போடப்படவில்லை. கைத்தொலைபேசி 'புதுப்பிக்கவும்' என்று கேட்டால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

தொலைபேசியே திறந்து கொடுக்கப்பட்டால் பூட்டு எதுவும் மிஞ்சாது. 2021இல் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, தஞ்சம் கோருபவரின் அடையாளம், நாடு, வந்த வழி ஆகியவற்றை வேறு வகையில் அறிய முடியாதவிடத்து அவரது கைத்தொலைபேசியைக் குடிவரவுக்கான அரச செயலகம் பார்வையிடலாம். பலவந்தமாகப் பறிக்க முடியாது. ஆனால் மறுப்பது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது கணக்கில் எடுக்கப்படலாம். அப்படிக் கேட்கப்பட்டால் உங்களுக்கென நியமிக்கப்பட்ட இலவசச் சட்டப் பிரதிநிதியிடம் முதலில் பேசுங்கள். 2019 மார்ச் முதல் மத்திய தஞ்ச நிலையங்களில் அந்த உரிமை உண்டு. ஊரிலுள்ளவர்களின் அடையாள அட்டைப் படங்கள், விலாசங்கள் வருடக்கணக்காக உங்கள் தொலைபேசியில் கிடக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அவை உங்கள் இரகசியம் மாத்திரமல்ல, அவர்களுடையதும்தான்.

பூட்டுச் சின்னம் ஒரு பக்கத்தில் தெரிந்தால் அப்பக்கத்தை நடத்துபவர் நல்லவர் என்றும் பொருளில்லை. வழியில் யாரும் வாசிக்கவில்லை என்பது மட்டுமே பொருள். தபாற் பொதி வந்திருக்கின்றது, இரண்டு பிராங் கட்டுங்கள் என்று வரும் பொய்ச் செய்தியின் பக்கத்திலும் அதே பூட்டு இருக்கும். டொச் சரியாக விளங்காத காலத்தில் இத்தகைய செய்திகளில் மாட்டுவது எளிது. வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டீர்களாயின் வெட்கப்படாமல் உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துங்கள். பேர்ணிலுள்ள இணையப் பாதுகாப்புக்கான மத்திய அலுவலகத்துக்கும் இணையம் வழியாக முறையிடலாம்.

புதிய பூட்டு பற்றியும் ஒரு வார்த்தை. குவாண்டம் கணனி என்னும் புதுவகை இயந்திரம் போதிய அளவில் செய்யப்பட்டால் அந்த 617 இலக்க எண்களையும் பிரித்துவிடும் என்று பீற்றர் ஷோர் 1994இல் நிறுவினார். அத்தகைய இயந்திரம் இன்னும் இல்லை. ஆனால் இன்று பூட்டிய செய்தியைச் சேர்த்து வைத்துப் பிறகு திறக்கலாம் அல்லவா? ஆகவே வேறு கணக்கில் அமைந்த பூட்டுகளை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றில் முக்கியமானதை உருவாக்கியவர்களில், சூரிச் ஏரிக்கரையில் ருஷ்லிக்கோனிலுள்ள ஐ.பி.எம் ஆய்வுகூடத்தினரும் அடங்குவர். அவையும் முழுவதும் அச்சிட்டு வெளியிடப்பட்டவையே. இயலுமாயின் உடைத்துப் பாருங்கள் என்று உலகத்தாரை அழைத்திருக்கின்றார்கள்.